பழகிய காது

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற வகுப்பில் விளக்கை அணைப்பது திரையில் படம் தெளிவாகத் தெரிவதற்காக என்று சொல்கிறார்கள். அதெல்லாம் இல்லை, யார் யார் தூங்கி வழிகிறார்கள் என்று டாக்டர் வசுமதி முன்னால் நின்று நோட்டம் விடுவதற்காகத்தான் என்று சுகிர்தாவுக்குப் பட்டது. அதற்காகவே அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருச்சி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஓட்டலின் தரைக்குக் கீழே இருந்த அரங்கு. ஏசியை வேண்டுமென்றே கூட்டி வைத்திருந்தார்கள். திரையில் ஒரு வாய் மட்டும், கண்ணும் மூக்கும் இல்லாமல், திறந்து மூடித் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கு வருகிற அப்ராக்ஸியா என்ற பேச்சுக் குறைபாட்டுக்குப் பயிற்சி தருவது எப்படி என்று பேச்சுப் பயிற்சியாளர்களுக்கே சொல்லித்தரும் சிறப்பு வகுப்பு. இத்தனை வருடம் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவளைத் திடீரென்று இங்கே ஏன் அனுப்பினார்கள்? “புதுசா குழந்தைங்க யூனிட் ஆரம்பிக்கறோம், நீங்கதானே மேடம் சீனியர்” என்று மருத்துவமனை மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன எதுவும் இதுவரை நல்லபடியாக முடிந்ததில்லை. பெரியவர்கள் பிரிவுக்கு வேறு யாரையோ கொண்டுவரப் பார்க்கிறார். அந்த மனிதரின் மச்சினி ஒருத்தி பேச்சுப் பயிற்சிதான் படித்திருக்கிறாள் என்று நர்ஸ் செலின் ஒருமுறை காதில் போட்டுவைத்தாள். ஆனால் சுகிர்தாவுக்கு இப்போது அதைப் பற்றியெல்லாம் யோசிக்க நேரமில்லை. யோசிக்க வேண்டியது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் ரிஸ்வானா. காலையில் அவளாகவே வந்து அறிமுகம் செய்துகொண்டாள். தில்லை நகரில் யாரிடமோ வேலை பார்க்கிறாளாம், குழந்தைகளுக்கு மட்டும்தான் பயிற்சி தருகிறாளாம். சின்ன வயது. பெரிய கண். பேசும்போது எதிராளியின் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காத பழக்கம். “உங்களுக்குப் பசங்க இருக்காங்களா மேடம்?” என்று கேட்டாள். “ஒரே பொண்ணு. எல்கேஜி” என்றாள் சுகிர்தா. “ச்சோ ஸ்வீட்” என்றாள். அதுவரை எந்தப் பிரச்சினையும் இல்லை, புளிப்பு மிட்டாய் கூட ஒன்று வாங்கிச் சுவைத்தாயிற்று. விளக்கு அணைந்த பிறகுதான், மேஜைமேல் மல்லாக்கக் கிடந்த ரிஸ்வானாவின் கைபேசி சட்டென்று ஒளிர்ந்தது. அடுத்தவர் கைபேசியைப் பார்ப்பது அநாகரிகம் என்று சுகிர்தாவுக்குத் தெரியும். இருட்டில் எரிகிற ஒரே வெளிச்சத்தைக் கண் பார்க்காமல் வேறு எதைப் பார்க்கும்? எட்வின் சார், என்று இருந்தது. சனிக்கிழமை வழக்கமான நேரம்தானே, வீட்டில் இன்னும் சொல்லவில்லை, என்று இருந்தது. புருஷன் பெயர்தான், ஆனால் திருச்சியில் எட்வின்களுக்கா பஞ்சம், ஒரு தெருவுக்கு ஒருத்தன் இருப்பான், என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வட்டப் படம் கண்ணில் விழுந்துவிட்டது. கடல். முதுகு காட்டி நிற்கிற ஓர் ஆள். அவன் தோளில் மஞ்சள் கவுன் போட்ட குழந்தை. அந்தப் படத்தை எடுத்தவள் சுகிர்தா. வேளாங்கண்ணியில், அலையில் செருப்பு ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே எடுத்தாள். ரிஸ்வானா கைபேசியை எடுத்துப் படித்தாள். முகத்தில் ஒரு புன்னகை வந்து போனது. கட்டைவிரலால் எதையோ தட்டிவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலத் திரையில் இருந்த வாயைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் என்றால் யார்? சுவரா, ஜன்னலா? ஆண்பிள்ளைகள் வீட்டில் என்று சொன்னால் பெண்டாட்டி என்றுதான் அர்த்தம். கல்யாணமான புதிதில் அவன் அலுவலகத்துக்குப் போன் செய்து, வீட்டுல ஒடம்பு சரியில்ல சார், லீவு வேணும், என்று சொன்னபோது சுகிர்தாவுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது, நான் ஒரு வீடு என்று. இப்போது அதே சொல் அவளை வெளியே நிறுத்தியது. சனிக்கிழமை. அவளுக்குச் சனிக்கிழமை மதியம் பணி உண்டு, அவனுக்கு ரயில்வேயில் விடுமுறை. சில மாதங்களாகச் சனிக்கிழமை வந்தால் போதும், மகள் ஜெமியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பிவிடுகிறான். இஸ்திரி போட்ட சட்டை. பூங்காவில் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் நிற்க எதற்கு இஸ்திரி போட்ட சட்டை? ஒருநாள் ஜெமியின் ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு மண் இல்லை. இன்னொரு நாள் ஜெமியின் மணிக்கட்டில் பளபளவென்று நட்சத்திர ஸ்டிக்கர். “யாரும்மா ஒட்டினாங்க?” என்று கேட்டாள். “அக்கா” என்றாள் ஜெமி. “எந்த அக்கா?” அவ்வளவுதான், அப்பாவின் முகத்தைப் பார்த்தது குழந்தை. அப்பா கூரையைப் பார்த்தான். பெற்ற பிள்ளையிடமே துருவித் துருவிக் கேட்க வேண்டிய நிலைமை வந்துவிட்டதே என்று சுகிர்தாவுக்கு அழுகை முட்டியது. அப்போதே சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. பயம். கேள்வி கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். இப்போது பதில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிரில் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளையையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறான் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. எங்கே உட்காரவைப்பார்கள் ஜெமியை? ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, டிவி முன்னால்?

“மூளைக்கு வார்த்தை தெரியும்” என்றார் டாக்டர் வசுமதி. குட்டையாக வெட்டிய நரைமுடியும், ஒலிபெருக்கியே தேவைப்படாத குரலும். “நாக்குல பலம் இருக்கு, உதட்டுல பலம் இருக்கு. ஆனா எந்த இடத்துல இருந்து எந்த இடத்துக்குப் போகணும்ங்கற கட்டளை வழியில தொலைஞ்சு போயிடுது. அதனால, தயவுசெஞ்சு மெழுகுவத்தி ஊது, பலூன் ஊதுன்னு உயிரை வாங்காதீங்க. ஊதத் தெரியாம இல்ல அந்தக் குழந்தை. பேச்சுக்குப் பேச்சுதான் பயிற்சி.” அடுத்து அடையாளங்கள். ஒரே வார்த்தை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். உயிரெழுத்தே மாறும். வார்த்தை நீள நீள உடையும். பேசுவதற்கு முன்னால் வாய் இடம் தேடும். இந்த டாக்டர் சொல்வதைப் பார்த்தால் ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு அப்ராக்ஸியா இருக்கும்போல, என்று நினைத்தாள் சுகிர்தா. எல்லாக் குழந்தையையும் நோயாளி ஆக்கினால்தானே இப்படி வகுப்பு வகுப்பாக நடத்த முடியும்? ஜெமி கூட தண்ணியைத் தன்னி என்பாள், நன்னி என்பாள், ஒருநாள் அத்தி என்றாள். சுகிர்தாவுக்கு மூன்றுமே தண்ணிதான், சொல்லி முடிப்பதற்குள் டம்ளரை நீட்டிவிடுவாள். தன் பெயரையே தெமி என்பாள், எம்மி என்பாள், மெதி என்பாள். மழலை. மழலையை மழலை என்று சொல்லாமல் அதற்கு வாயில் நுழையாத பேர் வைத்தால் என்ன அர்த்தம்? எதிர்வீட்டுப் பையன் ஒருமுறை படியில் நின்று, “ஆன்ட்டி, ஜெமி ஹிந்தியா பேசுது?” என்று கேட்டான். சுகிர்தா விழுந்து விழுந்து சிரித்தாள். இரவு எட்வினிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை? அப்போதே மனசு வேறு எங்கோ போய்விட்டிருந்தது, அதனால்தான். பள்ளிக்கூடத்து மிஸ் வேறு, “பாப்பா ரொம்ப அமைதி மேடம், ஒரு தொல்லையும் இல்ல” என்றாள். வீட்டில் வாய் ஓயாத குழந்தை அங்கே மட்டும் எப்படி அமைதியாகும்? மிஸ்ஸுக்கு வகுப்பை மேய்க்கச் சோம்பல், பேசவிடுவதில்லை. சுகிர்தா அப்படித்தான் முடிவு கட்டினாள். இப்போது திரையில், உடைகிற வார்த்தைகளின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. வாழைப்பழம், தொலைக்காட்சி, எலுமிச்சை. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பினால் ரிஸ்வானா.

எப்போது ஆரம்பித்திருக்கும்? அந்தச் சண்டைக்குப் பிறகுதான், வேறு எப்போது. கடைக்குப் போய்விட்டு வரும்போது நடந்த சண்டை. கல்லாக்காரரிடம் ஜெமி ஏதோ கேட்டிருக்கிறாள், அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற எட்வினுக்கும் புரியவில்லை. மறுபடி கேட்டாள், மறுபடி கேட்டாள், பிறகு தரையில் விழுந்து புரண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். சோப்பு எடுக்கப் போயிருந்த சுகிர்தா ஓடிவந்து, “ரப்பர் பேண்டு கேக்கறா, தலைக்குப் போட” என்றாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் காலைக் கட்டிக்கொண்டது. கடைக்காரர் வாயைப் பிளந்தார். சுகிர்தாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. மருத்துவமனையில் பாதி வாய் கோணிப்போன பெரியவர்கள் முனகுவது பெற்ற பிள்ளைகளுக்கே விளங்காதபோது, சுகிர்தா மேடத்தைக் கூப்பிடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவள் போய்க் குனிந்து காதைக் கொடுப்பாள், பிறகு நிமிர்ந்து, “கண்ணாடி கேக்கறாரு” என்பாள், “பெரியவனுக்குப் போன் போடச் சொல்றாரு” என்பாள். கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்கள் கும்பிடுவார்கள். அந்தக் காது அவளுக்கு வாய்த்த வரம். ஆனால் அன்றைக்கு வண்டியில் வரும்போது எட்வின் சொன்னான்: “உனக்கு மட்டுந்தான் சுகி புரியுது. அது நல்லதுக்கில்ல.” “உங்களுக்குப் புரியலன்னா அதுக்கு அவ என்ன பண்ணுவா? வீட்டுல இருந்தாத்தானே புரியும்?” “வேற யார்கிட்டயாவது ஒருவாட்டி காட்டுவோமா?” “வேற யார்கிட்ட? அப்ப நான் யாரு? ஊரே என்கிட்டதான் வருது, என் பிள்ளையைத் தூக்கிட்டு நான் இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்கணுமா?” அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எல்லாவற்றையும் மென்று முழுங்கிவிட்டான். ஆறுதல் தேடி வெளியே போகிறவர்கள் இப்படித்தான் முதலில் வாயை மூடிக்கொள்வார்கள், தொடர் நாடகத்தில் எத்தனை பார்த்தாயிற்று. தப்பு அவள் மேலும் கொஞ்சம் இருக்குமோ? வண்டியில் அப்படிப் பட்டென்று பேசியிருக்க வேண்டாம். சே, திருடியவனை விட்டுவிட்டுப் பூட்டைத் திட்டுகிற கதையாக இருக்கிறதே.

விளக்கு எரிந்தது. “பக்கத்துல இருக்கறவங்களோட ஜோடி சேருங்க” என்றார் டாக்டர். “ஒருத்தர் குழந்தை, ஒருத்தர் டீச்சர். திரையில ஒரு வார்த்தை போடறேன். அர்த்தம் கிடையாது. உங்க வாய் இதுவரைக்கும் போகாத வழி. குழந்தைக்கு என்ன கஷ்டம்னு உங்களுக்குத் தெரியணும்.” க்ளுபிஷ்ட்ரோமா, என்று வந்தது. எங்கும் சிரிப்பு. ரிஸ்வானா நாற்காலியைத் திருப்பி எதிரே போட்டுக்கொண்டாள். முட்டியும் முட்டியும் இடித்தன. “நான் டீச்சரா இருக்கவா மேடம்? நீங்க பாப்பா.” சுகிர்தா தலையாட்டினாள். வேறு என்ன செய்வது, இத்தனை பேர் நடுவில் இவள் தலைமுடியைப் பிடித்து இழுக்கவா முடியும்? “என் வாயைப் பாருங்க. மெதுவா. ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம்.” பார்த்தாள். பார்க்காமல் எப்படி? லேசான சாயம் பூசிய உதடுகள், மேல்வரிசையில் ஒரு பல் சற்று முன்னால் வந்திருந்தது. இந்த வாயைத்தான். அந்த வாக்கியத்தை மனசு முடிக்கவில்லை. “க்ளு... பிஷ்...” என்று ரிஸ்வானா இழுத்தாள். சுகிர்தாவும் இழுத்தாள். உள்ளே வார்த்தை ஒழுங்காகத்தான் இருந்தது, வாய்க்கு வரும்போது நாக்கு எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றது. க்ளுஷி. பிஷ்க்ளோ. எரிச்சலாக வந்தது. ரிஸ்வானா கையை நீட்டி, இரண்டு விரலால் சுகிர்தாவின் தாடையை மெல்லத் தாங்கிப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. “பரவால்ல, அவசரமே இல்ல. பாருங்க, இங்க ஆரம்பிச்சு, இப்படி வரணும்.” அப்போதுதான் சுகிர்தாவுக்கு நினைவு வந்தது. கொஞ்ச நாளாக ஜெமி புதிதாக ஒன்று செய்கிறாள். சோறு ஊட்டும்போது அம்மாவின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்க்கிறாள். உதட்டை அசைக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது அதை? இந்தக் கைதான் என் பிள்ளையின் முகத்தையும் பிடித்திருக்கிறது, என்று சுகிர்தா நினைத்தாள். கொஞ்சியிருக்கிறாள். என் புருஷன் போதாது என்று என் பிள்ளைக்கும் தாயாகப் பார்க்கிறாள். எண்ணம் அதற்குமேல் நகரவில்லை. நகரவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில் தெரிந்திருந்தது, அதனால் மறுபடி முதலில் இருந்து, கைபேசி, கடல், மஞ்சள் கவுன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை, என்று அந்தச் செக்கையே சுற்றிவந்தது. கோபம் வசதியாக இருந்தது. கோபத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ள முடிந்தது. “சூப்பர் மேடம், வந்துருச்சு!” என்று ரிஸ்வானா கைதட்டினாள். என்ன வந்தது என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை.

எல்லோர் கையிலும் வெள்ளைக் காகிதம் ஒன்று வந்து சேர்ந்தது. “போன வாரம் உங்க எல்லாரையும் ஒரு குழந்தையோட குரலைப் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லியிருந்தேன்” என்றார் டாக்டர் வசுமதி. “பெத்தவங்க சம்மதத்தோட, பேர் இல்லாம. அதுல மூணை இப்ப போடப்போறேன். கேட்டு, குழந்தை என்ன சொல்லுதோ அதை எழுதுங்க. புரியலன்னா வெறுமனே விடுங்க. ஊகிக்கறதுதான் நம்ம வியாதி.” அவர் ஒரு அடி முன்னால் வந்தார். “ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகின காதை மாதிரி மோசமான காது கிடையாது. அது ஓட்டையை எல்லாம் தானாவே அடைச்சுக்கும். குழந்தை பாதி சொல்லும், காது மீதியைப் போட்டுக்கும். நாம நெனைப்போம், குழந்தை நல்லாத்தான் பேசுதுன்னு. நம்மள்ல சில பேருக்கு அந்தக் காது ரொம்பக் கூர்மை. அவங்க வீட்டுக் குழந்தைக்குத்தான் நான் பயப்படுவேன்.” அரங்கில் சிலர் சிரித்தார்கள். சுகிர்தாவுக்கு முகம் சுட்டது. இது பொதுவாகச் சொன்னதா, யாரையாவது குறிவைத்துச் சொன்னதா? செலின் ஏதாவது உளறிவைத்திருப்பாளோ, மேலாளர் போன் பண்ணியிருப்பாரோ? என் காதைப் பற்றி இந்த அம்மாளுக்கு என்ன தெரியும்? முதல் குரல் ஒரு பையனுடையது. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இரண்டாவது இன்னொரு பையன். ஒரு சொல் தட்டுப்பட்டது. வேண்டுமென்றே இரண்டையும் ஒழுங்காக எழுதினாள், கூர்மையான காது எப்படி இருக்கும் என்று காட்டுவோமே என்று. வீட்டுக்குப் போனதும் எட்வினிடம் எப்படி ஆரம்பிப்பது? சத்தம் போடக் கூடாது. ரிஸ்வானாவை இன்னிக்குப் பார்த்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். குட்டு உடைகிறபோது மனிதர்களின் முகம் எப்படி இருக்கும்? ஜெமியை அடுத்த அறையில் விட்டுவிட வேண்டும். மூன்றாவது குரல் வருவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது. சளி கட்டிய, மூக்கால் இழுக்கிற, பேசப்போகும் முன் சின்னதாகத் தடுக்கிற மூச்சு. சுகிர்தாவின் பேனா நின்றது.

மூச்சு போதும். ஒவ்வொரு ராத்திரியும் தன் கழுத்தில் படுகிற மூச்சை யாருக்குத் தெரியாது? அதற்குப் பிறகு ரிஸ்வானாவின் குரல் வந்தது, அரங்கின் ஒலிபெருக்கியில், இதே மெதுவான குரல்: “எனக்குப் புரியலையே கண்ணா. இன்னொரு வாட்டி அக்காவுக்குச் சொல்றியா?” பின்னால் நாற்காலி நகரும் சத்தம், ஆண் ஒருவனின் செருமல். எட்வின். இஸ்திரி போட்ட சட்டையில், மண்ணில்லாத ஷூக்களுக்குப் பக்கத்தில், மகளோடு ஒரு பயிற்சி அறையில் உட்கார்ந்திருக்கிற எட்வின். சனிக்கிழமைகள் எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வேறு முகத்தைக் காட்டின. முதலில் வந்தது நிம்மதிதான், வெட்கக்கேடு, அப்படி ஒன்றும் இல்லை, அப்படி ஒன்றுமே இல்லை என்று உடம்பு முழுக்கத் தளர்ந்தது. அந்த நிம்மதி முழுசாக இறங்குவதற்குள் குழந்தை பேசியது. ஜெமி பேசினாள். கணீரென்று, கண்ணாடிபோலத் தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல், சுகிர்தாவின் காதுக்குள் வந்து உட்கார்ந்தது: அம்மாக்குப் புரியும். கை தானாக எழுதிவிட்டது. எழுதியதை அவள் பார்த்தாள். உனக்குப் புரியாவிட்டால் போகட்டும் அக்கா, எங்கள் அம்மாவுக்குப் புரியும். பிள்ளைக்கு எவ்வளவு நம்பிக்கை. நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. பெருமையில் என்றுதான் முதலில் நினைத்தாள். “என்ன எழுதினீங்க, சொல்லுங்க” என்றார் டாக்டர். “மாமா பூரி” என்றது ஒரு குரல். சிரிப்பு. “பாப்பா கூப்பிடுது, அப்படியா மேடம்?” “ஒண்ணுமே புரியல.” “எனக்கும் வெறும் காகிதம்தான்.” ரிஸ்வானா எழுந்து நின்றாள். “இது நான் அனுப்பினது மேடம். பாப்பாவுக்கு அறிவு அவ்வளவு கூர்மை. ஆனா இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னா, ஒவ்வொரு வாட்டியும் வேற வேற மாதிரி. அவங்க அப்பாவுக்கும் புரியல. அவர் வெளிய போய் அழுதுட்டு வந்தாரு.” “அம்மா?” என்றார் டாக்டர். “அம்மாவுக்குத் தெரியாமத்தான் கூட்டிட்டு வர்றாரு மேடம். அவங்க தாங்க மாட்டாங்களாம். பக்குவமாச் சொல்லணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காரு.”

சுகிர்தா காகிதத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். எழுந்து நின்று, அதை வாசித்துக் காட்டிவிட்டால் போதும், கட்டிலைச் சுற்றி நிற்பவர்களைப்போல இந்த அரங்கமே வாயைப் பிளக்கும். கடைக்காரர் பிளந்ததுபோல. எதிர்வீட்டுப் பையன், பள்ளிக்கூடத்து மிஸ், ரிஸ்வானா, எட்வின் எல்லோரும் தோற்றார்கள், நான் ஜெயித்தேன். அதற்குப் பிறகு? நாளைக் காலை ஜெமி பள்ளிக்குப் போவாள். அங்கே சுகிர்தா இருக்க மாட்டாள். அங்கே தண்ணீர் தாகம் எடுத்தால் ஜெமி யாரிடம் என்ன சொல்வாள்? ஒரு தொல்லையும் இல்லாத அமைதியான குழந்தையாக, நாக்கு உலர, மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். எத்தனை நாள் அப்படி உட்கார்ந்திருந்தாளோ. “இன்னொரு தடவை போடறீங்களா மேடம்?” என்று யாரோ கேட்டார்கள். கேட்டது தான்தான் என்று சுகிர்தாவுக்குக் கொஞ்சம் கழித்தே தெரிந்தது. டாக்டர் போட்டார். சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மூச்சைக் கேட்காதே. அது உன் பிள்ளை இல்லை. கடைக்குப் போகிறாய், வரிசையில் உனக்கு முன்னால் யாரோ ஒரு குழந்தை நிற்கிறது, அதன் பெயர் உனக்குத் தெரியாது. அர்த்தம் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது, அம்மாக்கு, அம்மாக்கு என்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திறக்காமல் இருந்தாள். வாழ்க்கையில் அவள் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அது. “இன்னொரு தடவை” என்றாள். மறுபடி ஓடியது. அப்போது கேட்டது. “ப்பாமா... கூ... பிம்மி.” ஒரு குழந்தை, வழி தெரியாமல், இருட்டில் சுவர் சுவராகத் தடவிக்கொண்டு போகிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை. அதில் அம்மா என்ற சொல்லே இல்லை. அரங்கு அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. கன்னம் நனைந்திருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “அந்தக் குழந்தையோட அம்மா நான்தான் மேடம்.” ரிஸ்வானா, “அல்லா” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் வசுமதி ஒலிபெருக்கியை அணைத்தார். பிறகு, வகுப்பு எடுக்கிற குரலை விட்டுவிட்டு, மெல்லக் கேட்டார்: “அப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்குமேம்மா, அவ என்ன சொன்னான்னு?”

“இல்ல மேடம்” என்றாள் சுகிர்தா. “எனக்கும் புரியல.”